நாள் நாளாய் வளர்ந்த நோன்பு: அக்பர் பாதுஷாவின் வாழ்வில் நாம் காணும் பாடம்

நம் இல்லங்களுக்கு வந்து செல்லும் அயலார் சிலர், தாம் வெள்ளிக்கிழமைகளில் புலால் தொடுவதில்லை என்றும், புரட்டாசித் திங்கள் முழுவதும் அதனை விலக்கி வைப்பதாகவும் நம்மிடம் மகிழ்வோடு கூறுவதுண்டு. நாம் சமணர் என்பதை அறிந்து, நம் உள்ளம் குளிரும் என்றெண்ணியே அவர்கள் அதனைக் கூறுகின்றனர். ஆயினும் நம்முள் சிலர், ஆறு நாள் உண்டு ஒரு நாள் விடுவதால் விளையும் பயன் யாது எனக் கேட்டு நகைத்து விடுகிறோம். பிறந்தநாள் தொட்டுப் புலாலின் சுவையறியாத நமக்கு, அச்சுவையை விட முயல்வோரின் ஒரு நாளின் அருமை விளங்குவதில்லை.

ஆனால் நம் ஆசாரியர்கள் அவ்வாறு நகைத்ததில்லை. ஸ்வாமி சமந்தபத்திரர் அருளிய ரத்னகரண்ட சிராவகாசாரத்தில், நுகர்பொருளைத் துறத்தல் இரு வகையாகக் கூறப்பட்டுள்ளது. கால எல்லை வகுத்துக் கொண்டு விடுவது நியமம். வாழ்நாள் முழுவதற்குமாக விடுவது யமம். புலால் மறுத்தல் இல்லறத்தாராகிய நமக்கு மூலகுணங்களுள் ஒன்று. அதில் நமக்கு நாட்கணக்கு இல்லை. எனினும் அறத்தின் வாயிலில் இப்போதுதான் வந்து நிற்கும் ஒருவருக்கு, எல்லை வகுத்த நியமமே முதற்படியாகிறது. கொல்லாமை அணுவிரதத்துக்கு அந்நூல் எடுத்துக்காட்டாகச் சுட்டும் யமபாலன், தண்டனை பெற்றோரைக் கொல்லும் தொழிலைச் செய்து வந்தவன். முனிவர் ஒருவரிடம் அவன் ஏற்ற விரதம், சதுர்த்தசி நாளில் மட்டும் கொல்வதில்லை என்பதே. அந்த ஒரு நாளை அரசனின் சினத்துக்கும் அஞ்சாது காத்த காரணத்தால், அவன் பெயர் இன்றளவும் அறநூல்களில் நின்று நிலவுகிறது.

யமபாலனது கதை புராணக் காலத்தது. அதனை ஒத்த ஒரு வாழ்வை, ஆண்டும் திங்களும் குறிக்கப்பட்ட வரலாற்றிலும் நாம் காண்கிறோம். அது மொகலாயப் பேரரசர் அக்பரின் வாழ்வு. அவர் சமணர் அல்லர், வாளால் நாடு வென்றவர், வேட்டையில் பெருவிருப்புடையவர். அத்தகையவரிடம் ஒரு கிழமையில் தோன்றிய நோன்பு எவ்வாறு வளர்ந்தது என்பதே நாம் இங்குக் காணப்போவது.

வாளும் வேட்டையும்

ஷேர்ஷாவிடம் நாட்டை இழந்த ஹுமாயூன், சிந்துப் பாலைவனத்தில் அலைந்து திரிந்த காலம் அது. அமர்கோட்டையை ஆண்ட இராசபுத்திர மன்னன் அவருக்கும் நிறைமாதக் கருவுற்றிருந்த ஹமீதா பானுவுக்கும் அடைக்கலம் தந்தான். அங்கே 1542 அக்டோபர் 15 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று அக்பர் பிறந்தார். தந்தை இறந்தபின் 1556 இல், தம் 13 ஆம் வயதில், பஞ்சாபிலுள்ள கலானூரில் அரியணை ஏறினார். அவ்வாண்டின் இறுதியில் நடந்த இரண்டாம் பானிப்பட்டுப் போரில் பெற்ற வெற்றி அவருக்கு தில்லியையும் ஆக்ராவையும் உறுதிப்படுத்தியது.

எழுத்தறிவு அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் நூல்களைப் பிறர் படிக்கக் கேட்டுக் கேட்டே பேரறிவு பெற்றார். 1563 இல் யாத்திரிகர்கள் மீதிருந்த வரியையும், 1564 இல் ஜிஸியா என்னும் தலைவரியையும் நீக்கினார். தீர்த்த யாத்திரை செல்லும் சமணர்களும் அவற்றால் பயன் பெற்றனர்.

அதே அக்பர்தான் 1568 இல் சித்தூர்க் கோட்டையை வென்றபின், கோட்டைக்குள் இருந்தோரைக் கொல்ல ஆணையிட்டவர். அன்று மாண்டோர் ஏறத்தாழ 30,000 பேர் என்று அவருடைய அவைப் புலவர் அபுல் ஃபசலே எழுதி வைத்துள்ளார். ஆதிநாத பகவானுக்குரிய சமணக் கீர்த்தித் தம்பம் இன்றும் உயர்ந்து நிற்கும் கோட்டை அது. இதனை மறைத்து விட்டு அவரது வரலாற்றைக் கூறுதல் நேர்மையாகாது. அவரது நோன்பின் மதிப்பை அளந்தறிய வேண்டுமாயின், அவர் எங்கிருந்து புறப்பட்டார் என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

போரில்லாக் காலங்களில் வேட்டையே அவரது பொழுதுபோக்கு. காட்டைச் சுற்றிலும் ஆட்களை நிறுத்தி, விலங்குகளை நாட்கணக்கில் விரட்டி, வட்டத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்கி, நடுவில் அடைபட்டவற்றைக் கொல்வது அக்கால அரச வேட்டை. 1578 இல் ஜீலம் ஆற்றங்கரையில் பேரா என்னுமிடத்தருகே அத்தகைய வேட்டை ஒன்று ஏற்பாடாயிற்று. பல நாட்கள் பாடுபட்டு விலங்குகளை வளைத்தாயிற்று. கொலை தொடங்க வேண்டிய தறுவாயில், மரமொன்றின் அடியிலிருந்த அக்பரின் உள்ளத்தில் சொல்லொணாத மாறுதல் ஒன்று நிகழ்ந்தது. வேட்டையை நிறுத்துமாறும், வளைத்தவை அனைத்தையும் தீண்டாது விட்டுவிடுமாறும் ஆணையிட்டார். தம் நீண்ட முடியைக் களைந்தார். ஏழைகளுக்குப் பொன் வழங்கினார். உடனிருந்தோர் அதற்குப் பலவாறு காரணம் கூறினர். அப்போது அவருக்கு வயது 35.

அன்றோடு அவர் வேட்டையை அடியோடு விட்டுவிடவில்லை. 1596 இல்கூட மான் ஒன்றின் கொம்பு குத்திப் புண்பட்டுப் படுக்கையில் கிடந்தார். ஒரே நாளில் முற்றும் மாறியவர் என்று நாம் அவரைக் கொண்டாட இயலாது. விழுந்தும் எழுந்தும் நடந்தவர் என்றே கொள்ள வேண்டும்.

நடந்து வந்த முனிவர்

ஃபதேபூர் சிக்ரியில் 1575 இல் அக்பர் இபாதத் கானா என்னும் சமய உரையாடல் மண்டபத்தை அமைத்தார். முதலில் இஸ்லாமிய அறிஞர்கள் மட்டுமே கூடிய அம்மண்டபத்துக்கு, நாளடைவில் பிராமணரும் பார்சிகளும் கிறித்தவப் பாதிரிமாரும் சமணரும் அழைக்கப்பட்டனர். குஜராத்தில் வாழ்ந்த சுவேதாம்பரத் துறவியர் தலைவர் ஹீரவிஜய சூரியின் புகழைக் கேள்வியுற்ற அக்பர், 1582 இல் குஜராத் ஆளுநர் வழியாக அவருக்கு அழைப்பு விடுத்தார். அனுப்ப முன்வந்த ஊர்திகளையும் பொருளையும் மறுத்து, காந்தார் என்னும் கடற்கரை ஊரிலிருந்து அம்முனிவர் கால்நடையாகவே புறப்பட்டார். 1583 ஜூன் திங்களில் சிக்ரியை அடைந்தார்.

அரண்மனையில் விரித்திருந்த கம்பளத்தின்மீது கால் வைக்க அவர் மறுத்தார் என்றும், அடியில் சிற்றுயிர் இருக்கலாம் என்றார் என்றும், அரசர் நகைத்தபடி கம்பளத்தைத் தூக்கச் செய்தபோது அங்கே எறும்புகள் ஊர்ந்தன என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. அது எவ்வாறாயினும், பெரும் படையை நடத்திய அரசருக்கு, அடியெடுத்து வைக்கும் இடத்தையும் பார்த்து நடக்கும் ஒரு மனிதரைக் கண்டது புதுமையாகவே இருந்திருக்கும்.

பரிசு தர விழைந்த அரசரிடம் முனிவர் தமக்கென ஒன்றும் கேட்கவில்லை. சிறையிலிருப்போரையும் கூண்டிலுள்ள பறவைகளையும் விடுவிக்க வேண்டும், பர்யூஷண பர்வத்தின் எட்டு நாட்களில் உயிர்க்கொலை நிற்க வேண்டும் என்பனவே அவர் விரும்பியவை. அக்பர் தம் பங்காக மேலும் நான்கு நாட்களைச் சேர்த்து, 12 நாட்களுக்குக் கொலை விலக்கி ஆணை பிறப்பித்தார். சிக்ரியை அடுத்த பெரிய ஏரியில் மீன் பிடித்தலும் தடுக்கப்பட்டது. 1584 இல் முனிவருக்கு ஜகத்குரு என்னும் பட்டம் வழங்கப்பட்டது. அவர் குஜராத் திரும்பியபின் சாந்திசந்திரர், பானுசந்திரர் முதலியோர் அரசவையில் தங்கி அறம் உரைத்தனர்.

அவர்கள் சுவேதாம்பரர், நாம் திகம்பர மரபினர். ஆயினும் கொல்லாமையில் இரு மரபுக்கும் வேற்றுமை இல்லை. அக்காலத்தில் ஆக்ராவில் திகம்பரப் பெருமக்களும் சிறந்து வாழ்ந்தனர். மதுரா நகரின் பழைய தூபிகளைப் புதுப்பித்த சாஹு தோடர் என்னும் செல்வரின் வேண்டுகோளுக்கிணங்க, பாண்டே ராஜமல்லர் ஜம்பூஸ்வாமி சரிதத்தை இயற்றியது அக்பர் ஆட்சியில்தான்.

முனிவர் அரசரிடம் முற்றத் துறவைக் கேட்கவில்லை என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். சில நாட்களைத்தான் கேட்டார். நியமத்தின் ஆற்றலை நன்குணர்ந்தவர் அவர்.

சமையற்கூடத்தின் கணக்கு

அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில், அரண்மனைச் சமையற்கூடத்தைப் பற்றியும் புலால் விலக்கிய நாட்களைப் பற்றியும் தனித்தனிப் பகுதிகள் உள்ளன. அரசருக்குப் புலாலில் நாட்டம் குறைந்துவிட்டது என்றும், உலகியற் சுமையால் ஒருங்கே விட இயலாமல் சிறுகச் சிறுக விடக் கருதினார் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

முதலில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் விலக்கினார். பின்பு அது ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. தொடர்ந்து ஒவ்வொரு சூரிய மாதத்தின் முதல் நாள், சூரிய சந்திர கிரகண நாட்கள், இரு நோன்புகளுக்கு இடைப்பட்ட நாட்கள், ரஜப் மாதத்துத் திங்கட்கிழமைகள், ஒவ்வொரு மாதத்தின் திருவிழா நாள் என்பன சேர்ந்தன. பிறகு மார்ச்சுத் திங்களில் தொடங்கும் பர்வர்தீன் மாதம் முழுவதும் சேர்ந்தது. தாம் பிறந்த ஆபான் மாதத்தில், நிரம்பிய வயதுக்கேற்ற எண்ணிக்கையில் நோன்பு நாட்களைக் கணக்கிட்டார். அக்கணக்கு அடுத்து வந்த ஆதர் மாதத்திலும் பரவியது. ஆண்டுதோறும் குறைந்தது ஐந்து நாட்களேனும் கூட்டப்பட்டன. இரண்டு நோன்புகள் ஒரே நாளில் வந்தால், ஒன்று கழிந்துவிட்டதாகக் கொள்ளாமல், சிறிய நோன்பின் நாட்களை வேறு மாதங்களுக்குப் பகிர்ந்து ஈடு செய்தனர். கடன்பட்டவர் நேர்மையோடு கணக்கைத் தீர்ப்பதுபோல் அவர் தம் நோன்பைத் தீர்த்தார்.

அந்நாட்களில் சமைத்த புலாலற்ற உணவுக்குச் சூபியானா என்று பெயர். அவ்வுணவின் அளவுகளையும் நூல் தருகிறது. கிச்சடிக்கு அரிசியும் பருப்பும் நெய்யும் வகைக்கு ஐந்து சேர். கற்கண்டும் நெய்யும் உலர்ந்த திராட்சையும் வாதுமையும் சேர்ந்த மஞ்சள் சோறும், பாற்சோறும், கீரையும், பருப்பும், ஹல்வாவும் அப்பட்டியலில் உள்ளன. கத்தரிக்காய்க் கறியும் உண்டு. அதில் வெங்காயம் சேர்த்துள்ளனர் ஆதலின் அது நம் விரத நாளுக்கு ஒவ்வாது. அரசர் நாளுக்கு ஒருமுறையே உண்டார் என்றும், வயிறு நிரம்புமுன் கை கழுவினார் என்றும் அந்நூலால் அறிகிறோம்.

நீண்ட நோன்பு முடிந்ததும் முதற் புலாலுணவு அவருடைய அன்னை ஹமீதா பானுவின் இல்லத்திலிருந்து சமைத்து வரும். அதன்பின் பிற அரசியர், இளவரசர், பெருமக்கள் ஆகியோரின் இல்லங்களிலிருந்து வரும். இச்சிறு செய்தி நம் சிந்தைக்குரியது. மகன் விட்டதை அன்னை விடவில்லை. அன்னை அனுப்பியதை மகன் வெறுத்தொதுக்கவும் இல்லை. சுற்றம் முழுதும் உண்ண, விருந்துத் தட்டு முன்னே காத்திருக்க, ஒருவர் தம் நாட்களைத் தாமே கூட்டிக் கொண்டே போவது எத்துணை அரியது என்பதை, சுற்றமே புலாலுண்ணா வீட்டில் வளர்ந்த நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இம்மாற்றம் முழுவதும் சமணரால் விளைந்தது என்று நாம் உரிமை கொண்டாடுவதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை நோன்பு சூரியனிடம் அவர் கொண்ட மதிப்பால் வந்தது. இராசபுத்திர அரசியரின் பழக்கமும், சூபி ஞானியரின் எளிமையும், பார்சிகளின் மாதக் கணக்கும் அதில் கலந்துள்ளன. பல ஊற்றுக்கள் சேர்ந்த அவ்வாற்றில் சமண முனிவரின் சொல்லும் ஒன்று என்பதே நமக்குப் போதிய பெருமை.

ஆணையால் விளைந்த துன்பம்

இவ்வரலாற்றில் நமக்கு எச்சரிக்கையாக அமைந்த பகுதியும் ஒன்றுண்டு. 1583 இல் ஞாயிற்றுக்கிழமைகளிலும், பர்வர்தீன் மாதத்தின் முதல் 18 நாட்களிலும், ஆபான் மாதம் முழுவதும் உயிர்க்கொலை கூடாதென நாடெங்கும் ஆணை பிறந்தது. அதனை மீறியவர்களுக்குக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டதாகவும், பல குடும்பங்கள் பாழாகி உடைமைகள் பறிபோனதாகவும் அக்கால வரலாற்றாசிரியர் பதாயூனி எழுதுகிறார். அவர் அக்பர்பால் மனக்கசப்புடையவர் என்பது உண்மையே. ஆயினும் அவர் கூறியதை அதற்காகத் தள்ளிவிட நம் மனம் ஒப்பவில்லை.

ஆட்டின் உயிரைக் காக்க மனிதனை வருத்துவது கொல்லாமையாகாது. தான் செய்வதும், பிறரைக் கொண்டு செய்விப்பதும், செய்வதற்கு உடன்படுவதும் வினையே என்பது நம் ஆகமம். அச்சத்தால் ஒருவன் ஒரு நாள் உண்ணாதிருந்தால் அது விரதமாகாது. தடை நீங்கிய மறுநாளே பழைய வழக்கம் திரும்பும். விரதம் என்பது தானே விரும்பி ஏற்பது. அக்பரின் சமையற்கூடத்தில் வளர்ந்தது விரதம். அங்காடியில் தண்டனையால் காக்கப்பட்டது கட்டளை. இவ்விரண்டையும் நாம் ஒன்றாகக் கருதலாகாது.

தம்மைக் குருவாகக் கொண்டவர்களுக்கு அவர் வகுத்த நெறி இதனினும் மென்மையானது. அவர்கள் புலால் உண்ணாதிருக்க முயல வேண்டும். பிறர் உண்பதைத் தடுக்க வேண்டுவதில்லை. தாம் பிறந்த மாதத்திலேனும் அதனை அணுகலாகாது. இங்கே அவர் அரசராக அன்றி, தம்மைப்போல் முயல்வோருக்குத் துணைவராகப் பேசினார் என்று நாம் கொள்ளலாம்.

முடிவும் நினைவும்

இறுதி ஆண்டுகளில் மைந்தர் இருவரின் மறைவும், சலீமின் கிளர்ச்சியும், 1604 இல் அன்னையின் பிரிவும் அவரை வாட்டின. 1605 அக்டோபரில் ஆக்ராவில் அக்பர் இறந்தார். சிக்கந்தராவில் அவரது கல்லறை உள்ளது.

தந்தையை எதிர்த்து நின்ற சலீமே ஜஹாங்கீர் என்னும் பெயரில் அரியணை ஏறித் தம் வரலாற்றை எழுதியபோது, தந்தையின் நோன்பை மறவாமல் குறித்தார். ஆண்டில் மூன்று திங்களே தந்தை புலால் உண்டார் என்றும், எஞ்சிய ஒன்பது திங்களும் சூபியானா உணவோடு அமைந்தார் என்றும் அவர் கூறுகிறார். வெள்ளிக்கிழமை என்னும் ஒரே நாளில் தொடங்கியது ஒன்பது திங்களாக வளர்ந்திருந்தது. தந்தை பிறந்த ஞாயிற்றுக்கிழமையிலும், தாம் முடிசூடிய வியாழக்கிழமையிலும் கொலை கூடாதென ஜஹாங்கீரும் விதித்தார். 1610 இல் பர்யூஷண நாட்களுக்கான கொலை விலக்கையும் அவர் மீண்டும் வழங்கினார்.

அக்பரின் மறைவுச் செய்தி ஜௌன்பூரை எட்டியபோது, வீட்டுப் படிக்கட்டில் அமர்ந்திருந்த 19 வயதுச் சமண இளைஞர் ஒருவர் அதிர்ச்சியால் மயங்கி விழுந்து தலையில் குருதி வழியக் கிடந்தார். அவரே பின்னாளில் ஸ்ரீ குந்தகுந்தாசாரியரின் சமயசாரத்தில் உள்ளம் தோய்ந்து, அதனை ஹிந்தி மக்கள் பாடி உணருமாறு நாடக சமயசாரம் இயற்றிய கவி பனாரஸிதாசர். 1641 இல் எழுதிய தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே இதனைக் குறித்துள்ளார். பொன்னூர் மலையில் குந்தகுந்தரின் திருவடிகளை வணங்கும் நாம், அவ்வாசாரியரின் நூலில் தோய்ந்த அக்கவியின் துயரத்தையும் ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம்.

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு நாள் விடுவதால் பயன் யாது? அக்பரின் வாழ்வு விடை கூறிவிட்டது. உண்மையாகக் காத்த ஒரு நாள் இன்னொரு நாளை அழைத்து வருகிறது. ஆகவே அடுத்த முறை அயலார் ஒருவர் தம் வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கூறினால் நாம் நகைக்க வேண்டா. நம் வீட்டுக் கூட்டும் பொரியலும் அவருக்கு அளித்து, அந்நாள் அவருக்கு எளிதாகுமாறு செய்வோம். இன்னொரு நாளைக் கூட்டுமாறு வற்புறுத்தவும் வேண்டா. அதனை அவரே கூட்டிக் கொள்வார்.

நம்மை நோக்கியும் ஒரு கேள்வி உண்டு. புலால் மறுத்தல் நம் முன்னோர் நமக்கு ஈட்டி வைத்த செல்வம். அதில் நம் முயற்சி சிறிதளவே. ஆனால் இரவு உண்ணாமை என்னும் நல்வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் தளர்ந்து வருகிறது. அலுவலகம் விட்டு வர நேரமாகிறது, பிள்ளைகளின் படிப்பு முடிவதற்கு இரவாகிறது என்று நாமும் காரணம் கூறுகிறோம். அட்டமியும் சதுர்த்தசியும் நாட்காட்டியில் மட்டுமே நிற்கின்றன. ஒரு பேரரசின் சுமையைத் தாங்கிய ஒருவர் கிழமைக்கு ஒரு நாளில் தொடங்கினார். நாமும் வருகிற சதுர்த்தசியன்று கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்போம் என்னும் ஒரே நியமத்தை ஏற்போம். அயலாரின் ஒரு நாளை மதிக்கும் தகுதி, நமக்கென ஒரு நாளைக் காத்தபின்தான் நமக்கு வரும்.

அறம் வளர்க!